வாசல் மாற்றிய கடை

பாடசாலையின் விளையாட்டுச் சாமான் அறையில் ஓர் அளவுச் சக்கரம் இருந்தது. ஓட்டப் போட்டிக்குக் கோடு போட உடற்பயிற்சி ஆசிரியர் வைத்திருப்பது. நீளமான பிடி, கீழே மஞ்சள் சில்லு. ஒரு மீற்றர் உருண்டால் ஒருதரம் 'டிக்' என்று அடிக்கும். ஏப்ரல் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, வேலை முடிந்த கையோடு கிருஷ்ணகுமாரி அதை எடுத்துக்கொண்டு பாடசாலை வாசலுக்கு வந்தாள். எண்ணைப் பூச்சியத்துக்குத் திருப்பினாள். நடைபாதை வழியே, நிலக்கீழ் ரயில் நிலையத்தின் பக்கமாக உருட்டத் தொடங்கினாள்.

ஐம்பத்துநான்கு வயதுப் பெண் ஒருத்தி பிள்ளைகளைப் பார்க்கும் உதவியாளருக்குரிய மஞ்சள் மேலங்கியோடு சில்லு உருட்டிக்கொண்டு போனால் எதிரே வருகிறவர்கள் பார்க்கத்தான் செய்வார்கள். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர், என்ன செய்கிறாய் என்று கூடவே ஓடிவந்து கேட்டார்கள். "வேலை" என்றாள். பனிக்காலத்தில் வழுக்காமலிருக்கக் கொட்டிய சரளைக்கல் இன்னும் அள்ளப்படாமல் கிடந்தது. சில்லு அதில் தடக்கும்போதெல்லாம் நின்று, நேராக்கி, மறுபடி உருட்டினாள். ஒரு மீற்றர்கூடப் பிழைக்கக்கூடாது.

மூலையில் திரும்பி, முடிதிருத்தும் கடையைத் தாண்டி, கண்ணாடி முழுக்கக் கறுப்புத் தாள் ஒட்டிய ஒரு கடையின் படியில் கொண்டுவந்து நிறுத்தினாள். நூற்று எழுபத்திரண்டு.

வீட்டுக்குப் போகும் ரயிலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு வருடமாக வராத சிரிப்பு.

அந்தக் கடை ஒரு காலத்தில் அவளுடையது. அவளுடையதும் அவளுடைய கணவர் தவராசாவுடையதும். பதினாறு வருடம் அதில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் குளிரூட்டிய மீனும் விற்றார்கள். திருகோணமலையிலிருந்து இருபது வயதில் வந்து, நோர்வேயின் வடக்குக் கோடியில் பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் நின்று வேலை செய்தவள் அவள். கீழே விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் மீன்துண்டைப் பரப்பி, சதைக்குள் சுருண்டு கிடக்கும் புழுவைத் தேடிப் பிடுங்குவதுதான் வேலை. அந்த மேசையில் அவளை விஞ்ச ஆளில்லை என்று மேற்பார்வையாளரே சொல்லியிருக்கிறார். தவராசாவை அங்கேதான் கண்டாள். தவராசாவோடு ஒரே அறையில் இருந்தவர் இராஜதுரை. கலியாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழனாக நின்றவரும் அவர்தான். ஒஸ்லோவுக்கு எல்லாரும் ஒன்றாகவே வந்தார்கள். அவள் அவரை அண்ணை என்பாள்.

இரண்டு வருடத்துக்கு முந்திய ஒரு ஜனவரிக் காலை, கடைப்படியில் பனி வழித்துக்கொண்டிருந்த தவராசா அந்தப் படியிலேயே சரிந்தார். ஆசுபத்திரிக்குப் போய்ச் சேரவில்லை.

இராஜதுரை எல்லாம் பார்த்தார். மண்டபம் எடுத்தார், ஐயரைக் கூட்டிவந்தார், செத்தவீட்டுக்கு வந்தவர்களுக்குச் சாப்பாடு ஒழுங்குபண்ணினார். கடைக்கட்டிடம் ஒரு நிறுவனத்துடையது. வாடகை ஒப்பந்தம் அந்த மாத முடிவோடு தீர்கிறது, தொடர்வதாக இருந்தால் எழுதித் தரவேண்டும் என்று கடிதம் வந்தபோது கிருஷ்ணகுமாரி அதை அவரிடம் காட்டினாள்.

"தங்கச்சி, துடக்கு வீட்டிலை எழுத்து வேலை ஒண்டும் வைக்கக்கூடாது" என்றார் இராஜதுரை. "முப்பத்தொண்டு முடியட்டும். கட்டிடக்காரரோடை நான் கதைக்கிறன். நீர் இதைப்பற்றி யோசிக்காதையும்."

அவள் யோசிக்கவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து, மறுநாள் கடையைத் திறக்கப் போனால் பூட்டு மாறியிருந்தது. ஒப்பந்தம் இராஜதுரையின் மகன் ரஜீவனின் பெயரில் இருந்தது. விதவை கடையைத் தொடர விரும்பவில்லை என்று கட்டிடக்காரருக்குச் சொல்லப்பட்டிருந்தது. இரண்டு மாதத்தில் கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டி, உதட்டுக்குள் வைக்கும் ஸ்னூஸ் புகையிலை, சுருட்டு, ஹூக்கா, நிக்கொட்டின் இல்லாத வேப் என்று கடை திறந்தார்கள். திறப்புவிழாவுக்கு அவளுக்கும் அழைப்பு வந்தது.

மூன்று தரம் போய்க் கேட்டாள். முதல் தரம், "இது தற்காலிகம்தானே தங்கச்சி" என்றார். இரண்டாம் தரம், "உமக்கு இனித் தனிய ஏலுமே" என்றார். மூன்றாம் தரம் வாசலில் வைத்தே பேசி அனுப்பினார். இலவச சட்ட உதவி மேசையில் இருந்த இளம் வழக்கறிஞர் கடைசிவரை கேட்டுவிட்டு, இந்த முப்பத்தொரு நாள் விதி எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்டார். காலக்கெடு தவறிவிட்டது, எழுத்தில் ஒன்றும் இல்லை, செய்வதற்கும் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு விருப்பம்தான் மிஞ்சியது. அந்தக் கடை தனக்குத் திரும்பி வரவேண்டும் என்பதல்ல. அவள் இப்போது பாடசாலையில் வேலை செய்கிறாள், அது போதும். அந்தக் கடை அவர் கையில் இருக்கக்கூடாது. அது ஏன் போனது என்று அவருக்குத் தெரியவும் வேண்டும்.

நிலையத்தைச் சுற்றியுள்ள பகுதிக்கு நகரசபை புதிய திட்டம் வரைகிறது, அதில் புகைப்பொருள், வேப் விற்கும் கடைகளுக்கும் விதி வருகிறது என்று பெற்றோருக்குப் போன அறிவித்தலை நகலெடுத்து அடுக்கியது அவள்தான். பாடசாலை வாசலிலிருந்து நடந்துபோகும் வழியில் இருநூறு மீற்றருக்குள் அப்படிப்பட்ட கடை இருக்கக்கூடாது. அந்த வரியைப் படித்த அன்றைக்குத்தான் சில்லை எடுத்தாள்.

மே மாதம் பாடசாலையின் உடற்பயிற்சி மண்டபத்தில் மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் வைத்தார்கள். நகரசபையிலிருந்து ஆன்ட்ரியாஸ் என்ற செம்பட்டைத் தாடிக்காரர் வந்து படம் காட்டி விளக்கினார். கிருஷ்ணகுமாரி இரண்டாம் வரிசையில் இருந்தாள்.

"இப்போது இருக்கிற கடைகளை இந்த விதி தொடாது" என்றார் ஆன்ட்ரியாஸ். "புதிதாக வருகிறவற்றுக்கு மட்டும்தான்."

அவளுக்குக் காதுமடல் சுட்டது. எழும்பிப் போய்விடலாம் என்று கைப்பையைக்கூட எடுத்துவிட்டாள். எடுத்தவள், முப்பத்துநான்கு வருடத்தில் முதல்தரம், ஒரு கூட்டத்தில் கையை உயர்த்தினாள்.

"ஒருநாளும் தொடாதா?" என்று நோர்வேஜியனில் கேட்டாள்.

ஆன்ட்ரியாஸ் தாளைப் புரட்டினார். "வாசல், பரப்பளவு, என்ன விற்கிறார்கள் என்பது. மூன்றும் இருந்தபடி இருக்கும்வரை தொடாது. ஒன்றை மாற்றினாலும் பழைய உரிமை போய்விடும். பிறகு பழையபடி மாற்றினாலும் திரும்பாது. புதிய கடை என்றுதான் எடுப்போம்."

"அதை மெதுவாக இன்னொருதரம் சொல்லுங்கள்."

அவர் சொன்னார். அவள் கோப்பி மேசையிலிருந்து எடுத்த கடதாசித் துவாலையில் எழுதிக்கொண்டாள்.

விதி இலையுதிர் காலத்தில் நிறைவேறியது. கடைகளுக்கெல்லாம் கடிதம் போனது. இராஜதுரைக்கு நோர்வேஜியன் கதைக்க வரும். நான்கு பக்கக் கடிதம் படிக்கப் பொறுமை வராது. ரஜீவன் முதல் பந்தியை வாசித்து, இருக்கிற கடைகளுக்குப் பிரச்சினையில்லையாம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அது கிருஷ்ணகுமாரிக்கு எப்படித் தெரியும் என்றால், நவம்பரில் ஒரு பூப்புனித நீராட்டு விழா மண்டபத்தில் இராஜதுரையே சொன்னார். நாலைந்து ஆண்கள் சுற்றியிருந்தார்கள். அவள் பலகாரத் தட்டோடு அந்தப் பக்கம் போனாள்.

"சட்டம் வந்தால் என்ன, இருக்கிறவனை அசைக்கேலாது எண்டு அவங்களே எழுதித் தந்திருக்கிறாங்கள்" என்றார். அவளைக் கண்டதும் குரல் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. "இனி அந்த வட்டாரத்திலை வேற ஒருத்தன் திறக்கவும் ஏலாது. போட்டியே இல்லை. என்ன தங்கச்சி, நீங்கள் அதிலை கத்தரிக்காய் வித்து என்னத்தைக் கண்டனீங்கள்?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். தவராசாவின் செத்தவீட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றவர்களும் அதில் இருந்தார்கள்.

"வடை எடுங்கோ அண்ணை" என்றாள் கிருஷ்ணகுமாரி.

அவர் இரண்டு எடுத்தார்.

புழு பிடுங்குகிற மேசையில் அவசரப்பட்டால் சதைதான் கிழியும். அவள் அந்த மாதம் முழுக்க ஒன்றும் செய்யவில்லை. கடையின் தெற்குப் பக்க வாசலை, பலகை, படி எல்லாம் தெரிய, திகதியோடு நாலு படம் மட்டும் எடுத்து வைத்தாள்.

இராஜதுரையின் மனைவி ஞானமலர் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்கு வருகிறவர். யார் என்ன சொன்னாலும் நம்புகிறவர் அல்ல. ஆனால் சகுனம், திசை, நேரம் என்றால் அவரை அசைக்க முடியாது. கார் வாங்கியதும் நாள் பார்த்துத்தான், ரஜீவனின் பல்லுக்குக் கம்பி போட்டதும் நாள் பார்த்துத்தான். டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, அன்னதானம் முடிந்து பெண்கள் கிடாரம் கழுவிக்கொண்டிருந்தபோது கிருஷ்ணகுமாரி அவருக்குப் பக்கத்தில் போய் நின்று கரண்டிகளைத் துடைக்கத் தொடங்கினாள்.

"கடை எப்பிடி அக்கா போகுது?"

ஞானமலர் திடுக்கிட்டார். கடை மாறியதிலிருந்து இவள் தன்னோடு கதைத்ததே இல்லை. "அப்பிடி இப்பிடித்தான் குமாரி. பழவாசம் வைச்ச சாமானெல்லாம் தடை எண்டு வந்தாப்பிறகு பெடியள் வாறது குறைவு. இவருக்கு நித்திரையும் இல்லை. வெளியிலைதான் பெரிய கதை."

"வாசல் தெற்குத்தானே."

"ஓம். தெற்குத்தான்." ஞானமலரின் கை நின்றது.

"நாங்களும் அதாலைதான் பதினாறு வருசம் போய் வந்தனாங்கள். இவர் விழுந்ததும் அந்தப் படியிலைதான்."

"ஐயோ குமாரி, அதை ஏன் இப்ப."

"ஒண்டுமில்லை அக்கா. வடக்குப் பக்கம் சாமான் இறக்கிற கதவு ஒண்டு கிடக்கெல்லே. அதை வாசலாக்கச் சொல்லி ஒருத்தர் இவருக்கு அப்பவே சொன்னவர். நாங்கள் கேக்கேல்லை." கரண்டியைத் திருப்பித் துடைத்தாள். "விடுங்கோ. நான் சொன்னனான் எண்டு அண்ணையிட்டைச் சொல்லாதையுங்கோ. கடைப் பொறாமையிலை கதைக்கிறாள் எண்டு நினைப்பார்."

தெற்கு வாசல் உண்மை. படி உண்மை. வடக்குக் கதவைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. தவராசாவுக்கு வாஸ்து என்றால் சிரிப்பு. கோயிலிலிருந்து திரும்பும்போது, செத்துப்போன மனிசனையும் இந்த வேலைக்கு இழுத்துவிட்டேனே என்று ஒருதரம் நினைத்தாள். வீட்டுப் பக்கத்து நிலையமான புருசெத் வந்ததும் இறங்கி, பால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

பேர்கன் நகரத்து ஆசுபத்திரியில் வேலை செய்யும் மகள் தர்மிகாவிடம் மட்டும் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் சொன்னாள்.

"சட்டப்படி உங்களிலை பிழை இல்லை அம்மா" என்றாள் தர்மிகா. "ஆனா உங்கடை முகத்தைப் பாக்க எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

"அப்ப பாக்காதை."

"அப்பா இருந்தா விடச் சொல்லியிருப்பார்."

"அப்பா இருந்தா இது நடந்தே இராது. சாப்பிட்டியா?"

ஜனவரி முதல் கிழமையில் கடைக்குள்ளிருந்து துளையிடும் சத்தம் கேட்டது. கொழும்பில் உள்ள வாஸ்துக்காரர் ஒருவருக்கு இராஜதுரை கடையின் வரைபடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினாராம், அவர் வடக்கு என்றால் குபேரன் திசை என்று துள்ளிக்குதித்தாராம். கோயிலில் ஞானமலரே வந்து சொன்னார். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. கிருஷ்ணகுமாரியின் கையைப் பிடித்துக்கொண்டார். கிருஷ்ணகுமாரியும் பிடித்துக்கொண்டாள்.

தெற்கு வாசலை உள்ளிருந்து பலகை அடித்து மூடி, பின்பக்கக் கதவுக்கு மேலே விளக்குப் பலகை பூட்டி, தைப்பொங்கலுக்கு மறுநாள் தேங்காய் உடைத்தார்கள். கிருஷ்ணகுமாரி இரண்டு வாரம் பொறுத்தாள். ஆட்கள் வடக்குக் கதவால் போய் வருவதை மூன்று வெவ்வேறு நாட்களில் படம் எடுத்தாள். பிறகு பழைய படங்களையும் புதிய படங்களையும் சேர்த்து ஆன்ட்ரியாஸுக்கு அனுப்பினாள். கீழே தன் முழுப்பெயரையும் எழுதினாள். ஒளித்துச் செய்ய அவளுக்கு விருப்பமில்லை.

ஒரு கிழமையில் வந்து அளந்தார்கள். புதிய வாசல் நூற்று முப்பத்தொன்பது மீற்றர். பழைய உரிமை போய்விட்டது, ஆறு கிழமைக்குள் மூடவேண்டும் என்று கடிதம் வந்தது. பலகையைப் பிடுங்கித் தெற்கு வாசலை மறுபடி திறக்கிறோம் என்று ரஜீவன் எழுதினான். அதற்கும் இல்லை என்றுதான் பதில் வந்தது. விதிவிலக்குக் கேட்கலாம், அயலவரும் பாடசாலையும் இரண்டு கிழமைக்குள் கருத்துச் சொல்லலாம் என்று ஒரு வழி மட்டும் விட்டிருந்தார்கள்.

அந்த இரண்டாம் கிழமையின் கடைசி நாள், பின்னேரம், இராஜதுரையும் ஞானமலரும் புருசெத்தில் அவளுடைய வீட்டு மணியை அடித்தார்கள். கையில் ஒரு பெட்டி கேக். இராஜதுரை மெலிந்திருந்தார். கிருஷ்ணகுமாரி உள்ளே கூப்பிட்டாள், இருக்கச் சொன்னாள், தேத்தண்ணி வைத்துக் கொடுத்தாள்.

"தங்கச்சி, நீர்தான் ஒரு உதவி செய்யவேணும்" என்றார் இராஜதுரை. "பள்ளிக்கூடத்திலை உம்மை எல்லாருக்கும் பிடிக்கும். எங்கடை தாய்மார் ஒரு பத்துப் பேரிட்டைக் கையெழுத்து வேண்டித் தந்தால் போதும். நீரும் பழைய கடைக்காரி எண்டு ஒரு கடிதம். இந்தக் கடையாலை ஒரு கரைச்சலும் இல்லை எண்டு."

"ஆர் அண்ணை முறைப்பாடு குடுத்தது?"

"ஆரோ வெள்ளையன்தான். எங்கடை ஆக்கள் வளர்றது அவங்களுக்குப் பிடிக்காது."

"கேட்டிருந்தால் பேரைச் சொல்லியிருப்பினம். நான் பேர் போட்டுத்தான் அனுப்பினனான்."

இராஜதுரை கோப்பையைக் கீழே வைத்தார். வைத்த இடத்தில் சோசர் இல்லை.

"நீரோ?"

"ஓம். படமும் நான்தான் எடுத்தனான். அதுக்கு முதல் இன்னொண்டும் செய்தனான். உந்த வடக்குக் கதவை அக்காவுக்குச் சொன்னதும் நான்தான். வாசலை மாத்தினால் கடை போகும் எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னனான்."

இராஜதுரை மனைவியைத் திரும்பிப் பார்த்தார். ஞானமலர் தன் கையில் இருந்த கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவள் சொல்லியோ?" என்றார் இராஜதுரை மெதுவாக. "ஆரோ தெரிஞ்ச ஆள் ஒருத்தர் சொன்னவர் எண்டு எனக்குச் சொன்னனீர். அது இவளோ?"

"குமாரி நல்லதுக்குத்தான் சொல்லுறா எண்டு நினைச்சன்" என்றார் ஞானமலர்.

"ஒரு செத்தவீட்டை முழுக்கத் தலையிலை தூக்கிச் செய்தவனுக்கு இதையோ தங்கச்சி செய்வீர்? அண்டைக்கு உமக்கு எழும்பி நிக்கவே ஏலாமல் கிடந்தது. கடை சும்மா போகப்போகுது எண்டுதான் பெடியன்ரை பேரிலை எடுத்தனான். உமக்குப் பாரம் குறையட்டும் எண்டு."

அவர் அதை நம்புகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. மூன்று வருடத்தில் அப்படியே சொல்லிச் சொல்லி நம்பிவிட்டார். அவரை அழவைக்க வேண்டும், மன்னிப்புக் கேட்க வைக்க வேண்டும் என்று எத்தனையோ நாள் படுக்கையில் கிடந்து நினைத்தவளுக்கு இது எதிர்பாராத ஏமாற்றம். ஆனாலும் சொல்லவேண்டியதை விடவில்லை.

"மூண்டு தரம் உங்கடை வீட்டுப் படியேறி வந்தனான் அண்ணை. மூண்டாம் தரம் உள்ளை வா எண்டும் கேக்கேல்லை. மழை. நீங்கள் உள்ளை நிண்டனீங்கள், நான் வெளியிலை நிண்டனான். பாரம் குறைச்சு விட்டவர் கதைக்கிற மாதிரியோ அண்டைக்குக் கதைச்சனீங்கள்?"

இராஜதுரை வாசல் பக்கம் பார்த்தார்.

"கையெழுத்து வேண்டித் தரமாட்டன். எதிர்த்துக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறன். இண்டைக்கு அனுப்பப் போறன்."

இராஜதுரை எழுந்தார். ஏதோ பெரிதாகத் திட்டப் போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் சப்பாத்தைக் காலில் கொழுவி, குதிக்காலை மிதித்தபடியே கதவைத் திறந்து, படிக்கட்டால் இறங்கிப் போனார். மின்தூக்கிக்குக்கூட நிற்கவில்லை.

ஞானமலருக்குக் குளிர்காலச் சப்பாத்துப் போட நேரம் எடுத்தது. குனிந்தால் இடுப்புப் பிடிக்கும் அவருக்கு. கிருஷ்ணகுமாரி ஒரு கதிரையைக் கொண்டுவந்து வைத்தாள். ஞானமலர் அதில் இருந்து ஒரு காலை முடித்து, மற்றக் காலுக்கு வந்தார்.

"என்னைக் கொண்டு ஏன் குமாரி செய்விச்சனீர்?"

"நீங்கள் சொன்னாத்தான் அவர் கேப்பார்."

"அது உண்மைதான்" என்றார் ஞானமலர். "முப்பது வருசமா அந்த ஒண்டைத்தான் கேட்டவர். நாளும் திசையும். மற்ற எதுக்கும் என்னை ஒரு மனிசியா எண்ணினதில்லை." சப்பாத்தின் ஜிப்பை இழுத்தார். "இனி அதையும் கேக்கமாட்டார்."

ஞானமலர் கதிரையைப் பிடித்து எழுந்து, கைப்பையைத் தோளில் போட்டு, மின்தூக்கிக்காகக் காத்து நின்றார். அது வரும்வரை கிருஷ்ணகுமாரியும் கதவைப் பிடித்தபடி நின்றாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. மின்தூக்கி வந்தது, போனது.

உள்ளே வந்து கோப்பைகளைக் கழுவிவைத்தாள். மேசையில் கணினி திறந்தபடியே இருந்தது. கடிதம் முக்கால்வாசி முடிந்திருந்தது: பிள்ளைகள் இடைவேளைக்கு அந்தப் பக்கம் போவது, எட்டாம் வகுப்புப் பெடியன்களின் காற்சட்டைப் பையில் கண்டெடுத்த ஸ்னூஸ் டப்பாக்கள், எந்தத் திகதி, எத்தனை. எல்லாம் உண்மை. ஒருதரம் முதலிலிருந்து வாசித்தாள். ஞானமலருக்காக எந்த வரியையாவது குறைக்கலாமா என்று பார்த்தாள். இரண்டு எழுத்துப்பிழை இருந்தது, திருத்தினாள். குறைக்க ஒன்றும் இருக்கவில்லை. மிச்சத்தையும் எழுதி, ஆறு மணிச் செய்திக்கு முன் அனுப்பிவிட்டாள்.